ஒப்பமும் பொளிவும்

ஆசிரியன் ஒருவன் தன் சிவப்பு மையைப் பற்றி எழுதுவது வழக்கமன்று. மாணவனின் பிழையைப் பற்றி எழுதுவான். மையின் பிழையைப் பற்றி எழுதான். ஆயினும், சென்ற ஆண்டு இரண்டாந் தவணையில் என் சிவப்பு மை செய்த பிழையொன்றைச் சொல்லாமல், நான் இங்கே கூறவந்த கருத்தைக் கூற இயலாது.

திம்புள்ளப் பகுதியிலே, தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். கீழைமொழிக் கல்லூரியொன்றில் இலக்கண இலக்கியங்களைப் பயின்று பண்டிதனானவன். இயந்திரங்களோடு எனக்குள்ள உறவு, தலவாக்கலைப் பேருந்தில் ஏறி அமர்வதோடு முடிந்துவிடுகிறது. எங்கள் மாணவர்க்கோ அப்படியன்று. அவர்களிற் பலர் கொழுந்து வாடும் மணத்தை முகர்ந்துகொண்டே வளர்ந்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்பார்கள். பத்தாந் தரத்துக்கு நான் கொடுத்த கட்டுரைத் தலைப்பும் ‘எங்கள் ஸ்டோர்’ என்பதே.

ஒரு மாணவன், தொழிற்சாலையில் ‘பிட்டர்’ வேலை செய்பவரின் மகன், பின்வருமாறு எழுதியிருந்தான்: “எஞ்சின் சிலிண்டரின் உட்புறம் தேய்ந்து கண்ணாடிபோல் ஆகிவிட்டால் எஞ்சின் கெட்டுவிடும். அப்போது என் அப்பா அதைக் கல்லால் கீறி, சொரசொரப்பாக்கி, நன்றாக ஓடச் செய்வார்.”

நான் அந்த இரு வாக்கியங்களின் கீழும் சிவப்புக் கோடு இழுத்தேன். ஓரத்தில், “பொருட்பிழை. ஒப்பமான பரப்பே உராய்வைக் குறைக்கும்” என்று எழுதினேன். இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன். விஞ்ஞான பாடத்திலே பிள்ளைகள் மனனஞ் செய்யும் விடையும் அதுதானே: உராய்வைக் குறைக்கப் பரப்பை ஒப்பமாக்குக, எண்ணெய் இடுக, உருளைகளைப் பொருத்துக. கரடு உராயும், ஒப்பம் வழுக்கும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும் என்று எண்ணினேன்.

பையன் வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, “ஐயா, ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைப் பிரிக்கிறாங்களாம். அப்பா உங்கள ஒருக்கா வந்து பாக்கச் சொன்னார்” என்றான். அழைப்பிலே பணிவு இருந்தது. எனக்குத்தான் உள்ளே சிறிது உறுத்தியது. ஆயினும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் ஸ்டோரில் ஆரவாரம் இல்லை. பின்புறக் கொட்டகையில், மின்சாரம் நின்றபோது ஓட்டும் டீசல் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். 2022ஆம் ஆண்டு மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் நாட்டை ஒருங்கே வருத்தியதை வாசகர் மறந்திரார். மின்சாரம் நின்றால் வாட்டிய கொழுந்து காத்திராது. டீசலோ கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. அத்தகைய காலத்தில் ஓர் எஞ்சின் வீணே குடிக்கும் ஒவ்வொரு லீற்றரும் பெரிய இழப்பு.

பிட்டர் என்னை அருகழைத்து, சிலிண்டரின் உட்சுவரை விளக்கொளியில் காட்டினார். அது மின்னியது. “முகம் பாக்கலாங்க ஐயா. இதுதான் வியாதி” என்றார். ஜெனரேட்டரை நெடுநேரம் போதிய சுமையின்றி ஓட்டினால் சுவர் இவ்வாறு மெழுகிவிட்டதுபோல் ஆகுமாம். மெழுகிய சுவரில் எண்ணெய் தங்காது. எண்ணெய் தங்காத இடத்தில் பிஸ்டன் வளையம் இரும்போடு இரும்பாக உரசும். வளையம் சுவரில் நன்றாகப் பொருந்தாமையால், எண்ணெய் மேலேறி எரிந்து புகையாகப் போகும்.

பிறகு, உராய்கற்கள் பொருத்திய கருவியொன்றை உள்ளே செலுத்திச் சுழற்றினார். சுழற்றிக்கொண்டே மேலுங் கீழும் நகர்த்தினார். சில நிமிடங்களில் மினுமினுப்பு மறைந்தது. அவ்விடத்தில், கோரைப்பாயின் பின்னல் போலக் குறுக்கும் மறுக்குமாகச் சரிந்த நுண்ணிய கீறல்கள் தோன்றின. அதன்பின் சோப்பு நீரால் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியிற் கறுப்பு ஒட்டாதவரை மீண்டும் மீண்டும் கழுவினார். கல்லின் பொடி ஒரு துகள் தங்கினாலும், கீறியதன் பயன் கெட்டு வளையம் தேய்ந்துவிடுமாம். 

நான் விடாது, “கரடாக்கினால் உராய்வு கூடாதோ?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “அம்மி பொளியிறதுதாங்க ஐயா. அம்மியில மிளகா நிக்கணும். இதில எண்ணெ நிக்கணும்.”

நான் படித்த நூல்களிலே இத்துணைச் சுருக்கமாகப் பொருள் விளக்கும் உரை வாக்கியங்கள் சிலவே. அன்று மாலை வீடு திரும்பியதும் நூல்களைத் தேடலானேன். விஞ்ஞான ஆசிரியரைத் தொந்தரவு செய்தேன். அறிந்தவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

ஒப்பமான பரப்பு வழுக்கும் என்ற எண்ணம் பழையது. பிரான்சு தேசத்து அமொன்தன் 1699இலும், கூலோம் 1785இலும் உராய்வை ஆராய்ந்தபோது, பரப்பின் மேடுபள்ளங்கள் ஒன்றிலொன்று சிக்குவதே அதற்குக் காரணம் எனக் கொண்டனர். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. சுவீடன் தேசத்து ஜோகான்சன் 1896இல் வகுத்த அளவுக் கட்டைகள் மிகமிக ஒப்பமானவை. அவற்றுள் இரண்டை முகத்தோடு முகம் வைத்து நெருக்கித் திருகினால் அவை வழுக்கி ஓடுவதில்லை. ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. ஒப்பம் எல்லை கடந்தால் பற்றாக மாறுகிறது. எண்ணெய் வற்றிய இயந்திரத்திலும் இவ்வாறே இரும்பை இரும்பு பற்றிப் பிய்க்கிறது.

எண்ணெய் செய்யும் வேலையும் நாம் நினைப்பதுபோல் எளியதன்று. இங்கிலாந்திலே பொசம்ப் டவர் என்னும் பொறியியலாளர் 1883இல் புகைவண்டி அச்சின் தாங்கியை ஆராய்ந்தார். தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழன்றபோது எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை தள்ளப்பட்டது. மர முளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயை இடுக்கினுள் இழுத்துச் செல்ல, அந்த எண்ணெய் அழுத்தங் கொண்டு மேலுள்ள சுமையையே தூக்கி நிறுத்துகிறது என்பது அப்போது புலனாயிற்று. அதன் கணிதத்தை 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வகுத்தார். ஆகவே, நன்றாக ஓடும் இயந்திரத்தில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் கிடக்கிறது.

இடர் எங்கே வருகிறது? படலம் விரியாத இடத்தில் வருகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கும் கணத்திலும், மேலேறிய பிஸ்டன் திரும்புவதற்காக ஒரு கணம் நிற்கும் முனையிலும் எண்ணெயை இழுத்துச் செல்லும் வேகம் இல்லை. தேய்வு மிகுவது அங்கேதான். அந்நேரத்தில் உதவுவதற்குப் பரப்பிலேயே சிறு சிறு குழிகள் இருந்தால், அவை எண்ணெயைச் சேமித்து வைத்து வேண்டும்போது ஈகின்றன. தேய்ந்து உதிரும் துகள்களையும் விழுங்கிக்கொள்கின்றன. பரப்பு நகரும்போது ஒவ்வொரு குழியும் தன்னளவில் ஒரு சிறு தாங்கியாகி எண்ணெய்க்கு அழுத்தந் தருகிறது. நுண்மேடுபள்ளங்கள் இவ்வாறு சுமை தாங்கக்கூடும் என்பதை ஹமில்டன், வலோவிற், அலன் என்னும் மூவர் 1966இல் கோட்பாடாக எழுதினர். அதே 1966இல் பிரித்தானிய அரசுக்கு ஜோஸ்ற் என்பவர் தலைமையில் அளிக்கப்பட்ட அறிக்கை, தேய்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இத்துறைக்கே புதுப்பெயர் சூட்டியது. உராய்வியல் என்று நாம் வழங்குவது அதுவே.

1990களில் ஹைபா நகரத்துத் தெக்னியன் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எட்சியான், லேசர் ஒளிக்கற்றையால் உலோக முகத்தில் குழி பொளியும் முறையை வளர்த்தார். குழியொன்றின் வாய் ஏறத்தாழ 100 மைக்ரோமீற்றர். அஃதாவது ஒரு தலைமயிரின் பருமனளவு. ஆழம் அதில் பத்திலொரு பங்களவே. டீசல் எஞ்சின் ஒன்றின் பிஸ்டன் வளையங்களை இவ்வாறு பொளிந்து அவரும் துணையாய்வாளரும் 2009இல் வெளியிட்ட கட்டுரை, எரிபொருட் செலவு 4 வீதம் வரை குறைந்ததாகக் கூறுகிறது. 4 வீதம் சிறிதென்று எண்ணவேண்டா. உலகம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகிறது என, ஹோம்பெர்க், எர்டெமிர் என்னும் ஆய்வாளர் இருவர் 2017இல் கணித்திருக்கின்றனர்.

இவற்றைப் படித்தபின், “எங்கும் கரடே நன்று” என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. குழி ஆழமானால் படலம் அதனுள் அமிழ்ந்து கெடும். மிக நெருங்கினாலும் தீங்கு. பெருஞ்சுமை சிறுபுள்ளியில் விழும் பற்சில்லுகளில், பொருந்தாத குழி நன்மைக்கு மாறாகத் தீமை செய்தலும் உண்டு. சிலிண்டர்ச் சுவரிலும் கீறிய பின் கூர்முனைகளை மழுங்கச் செய்து, பள்ளங்களை மாத்திரம் விட்டுவைப்பதே சிறந்த முறை என்கின்றனர். மேடு ஒப்பமாயிருக்க வேண்டும். பள்ளம் பள்ளமாயிருக்க வேண்டும்.

அந்த ஸ்டோரிலேயே இதன் மறுதலையும் இருந்தது. பிட்டர் என்னைக் கொழுந்து உருட்டும் மேசையண்டை அழைத்துச் சென்றார். லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட தொடக்க நாட்களில், விறாந்தை மேசையிலே மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்திக் கையாலேயே கொழுந்தை உருட்டினார்களாம். தோல் செய்த அந்த வேலையைப் பின்னர் இயந்திரம் ஏற்றது. இன்றைய மேசையின் முகத்தில் வளைந்த பட்டைகள் புடைத்து நிற்கின்றன. நடுவே ஒரு கூம்பு. மேலே கொழுந்தோடு சுழலும் பெட்டியின் அழுத்தத்தில், அப்பட்டைகள் இலையைத் தடுத்து முறுக்குகின்றன. பட்டை தேய்ந்தால் இலை வழுக்கிப்போகும், முறுக்கு விழாது. தை, மாசி மாதங்களில் வறண்ட குளிர்காற்று வீசும்போது விளையும் திம்புள்ளத் தேயிலையின் பெயர் உலகச் சந்தையில் நிற்பதற்கு, அந்தப் பட்டையின் மேடும் ஒரு காரணம். 

நானுஓயாவுக்கு 1885இல் வந்து சேர்ந்த நமது மலையகப் புகைவண்டிப் பாதையும் இவ்வுண்மையைச் சொல்லும். 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் ஈரத் தண்டவாளம் வழுக்குமாயின், எஞ்சின் சக்கரத்தின் முன்னே மணல் தூவுகிறார்கள். ஆங்கே உராய்வு வேண்டும். அதே சக்கரத்தின் அச்சிலோ உராய்வு வேண்டா; அங்கே எண்ணெய். ஒரே வண்டி, ஒரே சக்கரம், இரண்டு தேவைகள். கரடா ஒப்பமா என்று பொதுப்பட வினவுவதிற் பயனில்லை. இந்தப் பள்ளம் எதைப் பிடித்து வைப்பதற்கு என்று வினவுதல் வேண்டும். அம்மியின் பள்ளம் மிளகாயைப் பிடிக்கிறது, ஆதலால் அரைபடுகிறது. சிலிண்டரின் பள்ளம் எண்ணெயைப் பிடிக்கிறது. ஆதலால் தேயாது காக்கிறது. பிட்டர் சொன்ன ஒரு வாக்கியத்துள் இவ்வளவும் அடங்கும்.

இனி, பண்டிதன் என்ற முறையில் நான் கூறவேண்டியது இரண்டு.

முதலாவது சொல்லைப் பற்றியது. உலோக முகத்தில் நுண்குழிகளை அமைக்கும் இக்கலையைத் தமிழில் எழுதப் புகுவோர், ‘இழையமைப்பு’ என்ற சொல்லைக் கொண்டு நீண்ட தொடர்களை ஆக்குகின்றனர். இழையமைப்பு நெசவிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லின் வேரும் நெசவே. மண்ணின் இயல்பைச் சொல்ல அது பொருந்தலாம். இங்கே நெசவு எதுவும் நிகழவில்லை. கருவி முகத்தைக் கொத்துகிறது, குழி உண்டாகிறது. இதற்குத் தமிழில் ‘பொளிதல்’ என்ற வினை பழமையாய் உள்ளது. உளியாற் கொத்திக் குழித்தல் என்பது அதன் பொருள். அதனால் உண்டாவது பொளிவு. லேசராற் செய்வது ஒளிப்பொளிவு. கல்லாற் செய்வது கீற்றுப்பொளிவு. சொல் சிறிது, வினையும் பெயரும் அதிலிருந்தே பிறக்கும், கேட்ட மாத்திரத்தில் தாயும் மகனும் உணர்வர்.

“அடுக்களைச் சொல்லை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவதா?” என்று நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். அவர்க்கு நான் கூறிய விடை இது: இலங்கையில் நம் முன்னோடிகளான கலைச்சொல்லாளர் பிஸ்டனுக்கு ‘முசலம்’ என்று பெயரிட்டனர். முசலம் என்பது உலக்கை. மேலுங் கீழும் சென்று இடிப்பதைக் கண்டு உலக்கையையே எஞ்சினுக்குள் அனுப்பினார்கள். உலக்கைக்குத் திறந்த கதவை அம்மியுளிக்கு அடைப்பது என்ன நியாயம்? புறநானூற்றிலே ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் கீழே கட்டிச் செல்லும் சேம அச்சை உவமையாக்கினார். அச்சுத் தேயும், முறியும் என்பதை அறிந்த வண்டிக்காரன் வழக்கு, சான்றோர் செய்யுளிலே ஏறியது. அன்று அதனை எவரும் இழிசொல் என்று தள்ளவில்லை.

இரண்டாவது, சொல்லினும் பெரியது. அந்தப் பையன் எழுதியது மனனஞ் செய்த விடையன்று, கண்ட காட்சி. தந்தையின் கையால் நடப்பதைப் பார்த்து, தன் வார்த்தையால் எழுதினான். நான் அதனைப் பொருட்பிழை என்றேன். அவன் அப்போதே தன் கண்ணை நம்பாது என் மையை நம்பியிருந்தால், என்ன ஆகியிருக்கும்? வீட்டில் அப்பா செய்வது ஒன்று, பாடசாலையில் அறிவு எனப்படுவது வேறொன்று என்ற எண்ணம் அவன் மனத்தில் வேரூன்றியிருக்கும். மலையகத்துப் பிள்ளைகள் பலர் இடையிலே படிப்பைக் கைவிடுவதற்கு வறுமையும் தூரமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை மெய்யே. தங்கள் வீட்டு அறிவுக்குப் பாடசாலையில் இடமில்லை என்று அவர்கள் உணர்வதையும் அவற்றோடு சேர்த்தெண்ண வேண்டும். அந்தக் காரணத்துக்கு அரசைக் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியராகிய நாமே அதனை நீக்கலாம்.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. உராய்வு என்ற பாடம் வரும்போது பிள்ளைகளை ஒரு முறை ஸ்டோருக்கு அழைத்துச் செல்லுங்கள். இயலாவிடின் பிட்டர் ஒருவரை வகுப்பறைக்கு அழையுங்கள். வெள்ளீயத் தாங்கியை அச்சோடு பொருத்துவதற்குப் பழைய முக்கோண அரத்தைத் தீட்டிச் சுரண்டியாக்கும் கைகள் இன்னும் இம்மலைகளில் உள்ளன. சுரண்டிய முகத்தின் சிறு தடங்களில் எண்ணெய் தங்குவதை அக்கைகள் அறியும். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமக்கருகே தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. கொழுந்தை ஆராயும் அறிஞரும், எஞ்சினைச் செப்பனிடும் தொழிலாளரும், சொல்லை ஆராயும் பண்டிதரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால், நம் பாடநூல்களின் பல வரிகள் திருந்தும். குறைந்தது, ‘பரப்பை ஒப்பமாக்கினால் உராய்வு குறையும்’ என்ற வரிக்குப் பின்னே, ‘எண்ணெய் தங்குவதற்கு இடம் விட்டு’ என்ற நான்கு சொற்களாவது சேரும்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டுரைக் கொப்பியை வாங்கினேன். சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது. அதனைப் பச்சை மையால் குறுக்கே வெட்டினேன். இரண்டு புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தேன். “பொருட்பிழை” என்ற சொல்லின் அருகே, “ஆசிரியருடையது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பையன் அதை வாசித்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். பின்பு மெல்ல, “ஐயா, சொரசொரப்பாக்கி என்று எழுதினது சரியா? பொளிந்து என்று எழுதியிருக்க வேணுமா?” என்று கேட்டான்.

“பொளிந்து என்றே எழுது. யாரேனும் பிழையென்றால் என்னிடம் அனுப்பு” என்றேன்.